கையில் சிபிஎல், எதிரில் ஏடிஆர் வேலை: சேர்வதா, ஏர்பஸுக்குக் காத்திருப்பதா?

சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "சின்ன ஏர்லைன் ஒன்றில் ஏடிஆர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் குறைவு, பாண்டும் போடச் சொல்கிறார்கள். சேரலாமா? இல்லை, இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி ஏர்பஸ் டைப் ரேட்டிங் முடித்துவிட்டு, இண்டிகோவோ ஏர் இந்தியாவோ கூப்பிடும்வரை பொறுத்திருக்கலாமா?"

ஏடிஆர் என்பது சிறு நகரங்களுக்கு ஓடும், ப்ரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம். டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை உறுதியாகாமல் சொந்தப் பணத்தில் ஏர்பஸ் டைப் ரேட்டிங் எடுப்பதுதான் இருக்கும் வழிகளிலேயே மோசமானது. ஏடிஆர் வேலை கையில் வந்தால் பெரும்பாலானவர்கள் அதை எடுத்துக்கொள்வதே நல்லது. ஆனால் ஏடிஆர் வேலை என்று பொதுவாகச் சொல்லும் இரண்டு வேலைகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. குடும்பங்கள் தடுமாறுவது அங்கேதான்.

முதலில் காத்திருப்பைப் பார்ப்போம். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களை வாங்கப்போவதாக அறிவித்தது. ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பைலட் பஞ்சம் வரப்போகிறது என்று டிவியிலும் பேப்பரிலும் சொன்னார்கள். ஊரில் பலர் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த ஒரே ஆண்டில், விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுத்த சிபிஎல் 1622. இண்டிகோ ஆர்டர் கொடுத்த அந்த 500 விமானங்களோ 2030க்கும் 2035க்கும் இடையில் வரவேண்டியவை. போதாக்குறைக்கு, இருக்கிற விமானங்களிலேயே பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறால் 2024 தொடக்கத்தில் இண்டிகோவில் மட்டும் எழுபதுக்கு மேல் தரையில் நின்றன. நிற்கிற விமானத்துக்குப் புதிய கோ-பைலட் எதற்கு?

அந்த வரிசையில் புதிதாக சிபிஎல் வாங்கியவர்கள் மட்டும் நிற்கவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவாலாகி நின்றபோது, ஏர்பஸ் ஏ320 ஓட்டிப் பல ஆயிரம் மணி நேரம் பழகியவர்கள் மொத்தமாக வேலை தேடி வெளியே வந்தார்கள். 200 மணி நேரப் பயிற்சி விமான அனுபவமும் ஒரு சிமுலேட்டர் சான்றிதழும் வைத்திருக்கும் பையனையும், ஏ320இல் 2000 மணி நேரம் பறந்தவரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஏர்லைன் யாரை எடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நடுவே மெடிக்கலையும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானத்தில் கை வைக்காமலே இருந்தால் எடுத்த டைப் ரேட்டிங்கும் பழசாகிப்போகும். மறுபடி சிமுலேட்டர், மறுபடி பணம். வட்டி தனி.

ஆளைத் தேர்ந்தெடுத்து முதலிலிருந்தே பயிற்சி கொடுக்க வைக்கும், பெரிய ஏர்லைன்கள் நடத்தும் கேடட் திட்டம் நல்ல வழிதான். தேர்வில் ஜெயித்து உள்ளே போனால் வேலை கிட்டத்தட்ட உறுதி. ஆனால் செலவு ஒரு கோடியைத் தாண்டும். அதுவும் சிபிஎல் படிக்கத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு. ஏற்கெனவே சிபிஎல் வைத்திருப்பவருக்கு அதில் பேச ஒன்றுமில்லை.

இரண்டு வகை ஏடிஆர் வேலை

ஒன்று, பெரிய ஏர்லைனின் ஏடிஆர் பிரிவு. இந்தியாவில் இப்போதைக்கு அது இண்டிகோதான். 2017 டிசம்பரில் தொடங்கி இன்று நாற்பதுக்கு மேற்பட்ட ஏடிஆர்கள் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பெங்களூரிலிருந்து சேலம், புதுச்சேரி என்று நம் பக்கத்து வழித்தடங்கள் பலவற்றில் இவைதான் ஓடுகின்றன. இங்கே சேர்ந்தவருக்குக் கம்பெனிக்குள்ளேயே ஏர்பஸுக்கு மாற வழி இருக்கிறது. எத்தனை வருஷத்தில் என்பது அவர்கள் தேவையைப் பொறுத்தது. ஆனால் வெளியே போய் மறுபடி இன்டர்வியூ வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பிராந்திய சேவையே தொழிலாகக் கொண்ட ஏர்லைன். மத்திய அரசிடம் இருக்கும் அலையன்ஸ் ஏர், கோவாவிலிருந்து 2024 மார்ச்சில் ஏடிஆருடன் தொடங்கிய ஃப்ளை91, எம்ப்ரேயர் விமானங்களை ஓட்டும் ஸ்டார் ஏர் போன்றவை. மூன்றும் ஒரே தரம் கிடையாது. ஸ்டார் ஏரின் எம்ப்ரேயர் ஜெட் விமானம். அங்கே சேரும் மணி நேரம் ஜெட் கணக்கில் வரும். பின்னால் வெளிநாட்டுக்குப் போக நினைப்பவருக்கு அது உதவும். சில வெளிநாட்டு ஏர்லைன்கள் அனுபவத்தைக் கணக்கிடும்போது ஜெட்டா, விமானத்தின் எடை எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். ஏடிஆர் 72 முழுச் சுமையோடு சுமார் 23 டன், ஏ320 அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

அலையன்ஸ் ஏர் அரசு நிறுவனம் என்றதும் பெற்றோருக்கு ஒரு நிம்மதி வருகிறது. பென்ஷனோடு கூடிய அரசு வேலை மாதிரி அதை நினைத்துவிடக் கூடாது. பைலட்டுகளை ஒப்பந்த அடிப்படையில் எடுப்பதே வழக்கம். ஏர் இந்தியாவை 2022இல் டாடா வாங்கியபோது இது அரசிடமே தங்கிவிட்டது. நாளைக்கு இதையும் விற்றால் ஒப்பந்தம் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தனியார் சின்ன ஏர்லைன்களைப் பற்றிப் பேசும்போது தென்னிந்தியர்களாகிய நமக்குக் கொஞ்சம் நினைவாற்றல் வேண்டும். 2005இல் எம்ப்ரேயர் விமானங்களோடு தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய பாராமவுண்ட் 2010இல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை ஓடியது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் பறக்கத் தொடங்கி அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் கடையைக் கட்டியது. ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. சேலத்துக்கு 2018இல் விமானத்தைத் திரும்பக் கொண்டுவந்த ஹைதராபாத் ட்ரூஜெட் 2022இல் முடிந்தது. இதில் எதுவுமே சேரும் நாளில் மூழ்கும் கப்பல் போலத் தெரிந்ததில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்வது சம்பளத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும். பிராந்திய வழித்தடங்கள் பலவும், சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட மத்திய அரசு நடத்தும் உடான் திட்டத்தில் ஓடுகின்றன. 2017 ஏப்ரலில் அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்ததுதான் அதன் முதல் சேவை. ஒரு பகுதி இருக்கைகளுக்கு டிக்கெட் விலையில் உச்சவரம்பு உண்டு; நஷ்டத்தை ஈடுகட்ட அரசு மானியம் தரும். அந்த மானியம் ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டுகள்தான். மூன்றாண்டு முடிந்ததும் சொந்தக் காலில் நிற்க முடியாத வழித்தடத்தை ஏர்லைன் விட்டுவிடும். வழித்தடம் போனால் பறக்கும் நேரம் குறையும். பறக்கும் நேரம் குறைந்தால் பைலட் கையில் வாங்கும் சம்பளமும் குறையும். ஆஃபர் லெட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தச் சங்கிலியை.

சம்பளம்: எண்ணைவிட அதன் கணக்கு

இந்தியாவில் பைலட் சம்பளம் பொதுவாக இரண்டு துண்டு. மாதாமாதம் வரும் நிலையான தொகை ஒன்று, மணிக்கு இவ்வளவு என்று வரும் பறக்கும் படி மற்றொன்று. இரண்டாவது துண்டு பெரியது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்குப் படி தருவோம் என்பது கேரண்டி. அந்த ஒரு எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஏர் இந்தியாவே சாட்சி. 2023 ஏப்ரலில் புதிய சம்பள முறையைக் கொண்டுவந்தபோது கேரண்டியை 20 மணி நேரத்திலிருந்து 40 ஆக உயர்த்தினார்கள். கோவிட்டுக்கு முன்பு அது 70. ஏற்றித்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று வெளியே இருப்பவருக்குத் தோன்றும். பைலட் சங்கங்கள் எதிர்த்து நின்றன. பயிற்சி பைலட்டுக்கு மாதம் 50,000 ரூபாய் என்பதும் அதே அறிவிப்பில் வந்ததுதான். ஏர் இந்தியாவிலேயே தொடக்கம் அவ்வளவுதான் என்றால், ஏடிஆர் கோ-பைலட்டின் முதல் ஆறு மாதச் சம்பளத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பயணிகள் விமானத்தில் பறந்து பழகும் லைன் ட்ரெய்னிங் முடிந்து, முழு கோ-பைலட்டாக ரிலீஸ் ஆகும்வரை எல்லா இடத்திலும் அரைச் சம்பளம்தான், பெயர் மட்டும் வேறு வேறு.

இப்போது கணக்கு. சக்கரத்திலிருந்து கட்டையை எடுத்து விமானம் நகர்ந்த நிமிஷத்திலிருந்து, போய் நின்று கட்டை போடும்வரைதான் மணி நேரமாக எழுதப்படும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏர்பஸ் போனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மாதம் 70 மணி நேரம் சேர 25 செக்டர், அதாவது 25 தடவை ஏறி இறங்குவது, போதும். சென்னை–தூத்துக்குடி ஏடிஆரில் ஒன்றரை மணி நேரம். அதே 70க்கு 47 செக்டர் பறக்க வேண்டும். பெங்களூரு–சேலம் மாதிரி ஒரு மணி நேர வழித்தடம் என்றால் 70 செக்டர். ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு டேக்-ஆஃப், ஒரு லேண்டிங், நடுவே பயணிகள் இறங்கி ஏறும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குப் படி கிடையாது. ஆக, ஏடிஆரில் மணிக்கு வரும் காசும் குறைவு, அந்த ஒரு மணி நேரத்துக்குப் படும் பாடும் அதிகம். மாதச் சம்பளத்தை மட்டும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டால் இது தெரியாது.

பாடு என்றால் என்ன என்றும் சொல்ல வேண்டும். ஏர்பஸில் வால் பகுதியில் ஏபியூ என்று சின்ன இன்ஜின் ஒன்று இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் அது தரும். ஏடிஆரில் அது கிடையாது. வலதுபக்க இன்ஜினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். மே மாதம் மதியம் தூத்துக்குடி வெயிலில் அந்தக் காக்பிட்டில் உட்கார்ந்து அடுத்த செக்டருக்கான பேப்பரைச் சரிபார்க்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே போனாலும் 25,000 அடிக்கு மேல் ஏற முடியாது. ஏர்பஸ் ஏறித் தாண்டும் மேகங்களை ஏடிஆர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலோரம் ஒரு நாளில் நான்கு செக்டர் பறந்தவருக்குக் காற்று என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே பாடுதான் ஏடிஆரின் லாபமும். நாற்பது செக்டரில் பாதியைக் கேப்டன் உங்களிடம் கொடுத்தால் மாதம் இருபது லேண்டிங். நீண்ட தூர ஜெட்டில் இருக்கும் கோ-பைலட் இதற்குப் பல மாதம் காத்திருப்பார். ஆட்டோ த்ராட்டில் இல்லாத விமானம். வேகத்தைக் கையால்தான் பிடிக்க வேண்டும். கொச்சியிலிருந்து அகத்தி போனால் ஓடுதளம் 1200 மீட்டர்தான், இரண்டு முனையிலும் கடல். இந்த மாதிரி இடங்களில் இறக்குவது கேப்டன் வேலை, புதியவருக்கு அது வராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு படிப்பு. ஏடிஆரில் ஆயிரம் மணி நேரம் முடித்தவரின் கை சுத்தமாக இருக்கும் என்று சிமுலேட்டர் பயிற்சியாளர்கள் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

ஓய்வும் ஊரும்

வேலை நேர விதிகள் ஏடிஆருக்கும் ஏர்பஸுக்கும் ஒன்றுதான். டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்திய விதிப்படி வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று நீண்டது. இரவுப் பணியில் லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலானது. தயாராகாமல் இருந்த இண்டிகோ டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், சில விதிகளிலிருந்து அதற்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தரப்பட்டதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஓய்வு விதி கடுமையானால் ஆள் தேவை கூடும். அது காத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி, கொஞ்சம் தாமதமாக வரும் நல்ல செய்தி.

நடைமுறையில் ஏடிஆர் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், நள்ளிரவு வேலை குறைவு. சின்ன விமான நிலையங்கள் பலவும் பகலோடு மூடிவிடும். அதிகாலை மூன்று மணிக்கு எழும் ரோஸ்டர் ஏர்பஸ்காரர்களுக்குத்தான் அதிகம் விழுகிறது. மறுபக்கம், ஏடிஆர்காரருக்கு விழித்திருக்கும் நேரம் முழுக்க வேலை. ஒரே நாளில் ஐந்தாறு லேண்டிங் வரும் நாட்களும் உண்டு. லேண்டிங் கூடக்கூட அன்றைய டியூட்டி நேர வரம்பு குறைய வேண்டும் என்று விதியே வைத்திருப்பது சும்மா இல்லை.

சம்பளத்தைவிட பேஸ், அதாவது வேலைக்குக் கிளம்பும் இடம், எந்த ஊர் என்பது வாழ்க்கையை அதிகம் மாற்றும். சின்ன ஏர்லைனுக்கு இரண்டு மூன்று பேஸ்தான். மதுரைப் பையனுக்கு கோவா பேஸ் என்றால் வீட்டு வாடகை, லீவுக்கு வரப் போக, எல்லாம் கைக்காசு. அமெரிக்காவில் இதன் கோர முகத்தைப் பார்த்தார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் கோ-பைலட் சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தவர். நியூவார்க்கில் வேலைக்கு வர முதல் நாள் இரவு முழுக்கச் சரக்கு விமானத்தில் நாட்டைக் கடந்து வந்திருந்தார். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலருக்கும் குறைவு. பேஸ் இருக்கும் ஊரில் வீடெடுக்க அது எப்படிப் போதும்? அந்த விபத்துக்குப் பிறகுதான் அங்கே ஓய்வு விதிகள் மாறின. கோ-பைலட் ஆகவே 1500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது. ஆள் வரத்து சுருங்கியது. 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பிராந்திய நிறுவனங்கள் புது கோ-பைலட்டுக்கு மணிக்கு 90 டாலர் கொடுக்கும் நிலைக்கு வந்தன. இங்கே 200 மணி நேரத்தில் சிபிஎல் வாங்கி நேராக ஏர்பஸில் உட்காரலாம். அதனால் அந்த மாதிரி ஏற்றம் நமக்குச் சீக்கிரம் வராது.

பாண்டும் நோட்டீஸும்

ஏடிஆர் டைப் ரேட்டிங் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் பதிலுக்கு இத்தனை ஆண்டு இருப்பேன் என்று பாண்ட் கேட்கும். அது நியாயம்தான். டைப் ரேட்டிங்குக்கு நீங்களே பணம் கட்டி, அதற்குமேல் பாண்டும் போடச் சொன்னால் அங்கே எழுந்து வந்துவிடுங்கள்.

பாண்டைவிட அதிகம் கட்டிப்போடுவது நோட்டீஸ். டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருஷமும் நோட்டீஸ் தர வேண்டும். 2023இல் நோட்டீஸ் முடிக்காமல் போன 43 பைலட்டுகளால் விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது என்று ஆகாசா ஏர் கோர்ட்டுக்கே போனது. அடுத்த ஏர்லைன் பழைய இடத்து என்ஓசியை, அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை, கேட்கும் என்பதால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவது எளிதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏடிஆரில் நாலைந்து வருஷத்தில் கேப்டன் ஆகும் வாய்ப்பு ஏர்பஸைவிட அதிகம். கேப்டன் ஆனதும் நோட்டீஸ் ஒரு வருஷமாகிவிடும். சம்பளமும் ஏறும், கல்யாணமும் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் ஏர்பஸுக்குப் போனால் மறுபடி இடதுபக்க இருக்கையை விட்டு வலதுபக்கம் வந்து உட்கார வேண்டும், கோ-பைலட் சம்பளத்தில். பலர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறார்கள். தங்குவது தவறில்லை. ஏர்பஸ்தான் இலக்கு என்றால் கேப்டன் ஆகும் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும்.

யாருக்கு எது

கடன் தலைக்குமேல் இருக்கிறது, மாதத் தவணை ஓடுகிறது என்றால் பெரிய ஏர்லைனின் ஏடிஆர். அது கிடைக்காவிட்டால் அலையன்ஸ் ஏர். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. கடன் இல்லை, வீட்டில் ஆறு மாதம் தாங்குவார்கள் என்றால் மூன்று நான்கு விமானம் வைத்திருக்கும் புது ஏர்லைனிலும் துணிந்து சேரலாம். அங்கே ஆள் குறைவு, சீக்கிரம் மேலே வரலாம். நின்றுபோனாலும் நீங்கள் பறந்த மணி நேரத்தை யாரும் பிடுங்க முடியாது. வயது 30ஐத் தாண்டியவர் காத்திருக்கவே கூடாது. கிடைக்கும் முதல் இருக்கையில் உட்கார வேண்டும். குறுகிய காலத்தில் கல்ஃப் போக வேண்டும் என்பவர் மட்டும் எம்ப்ரேயர் கிடைக்குமா என்று கொஞ்சம் பார்க்கலாம். ஏர்பஸில் ஆஃபர் லெட்டரே கையில் வந்துவிட்டால், எந்த மாதம் பயிற்சி தொடங்கும் என்று அதில் எழுதியிருந்தால், அதற்கே போங்கள். தேதி இல்லாத ஆஃபர் லெட்டரை நான் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

எச்ஆர் முன்னால் உட்காரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கேரண்டி எத்தனை மணி நேரம், அது ரிலீஸ் ஆன நாளிலிருந்தா, கன்ஃபர்ம் ஆன பிறகா என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் அங்குள்ள ஜூனியர் கோ-பைலட் ஒருவர் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள்; எச்ஆர் மழுப்பினால் லைனில் இருக்கும் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், சொல்வார்கள். எந்த வழித்தடத்தின் மானியம் எப்போது முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாண்ட் பேப்பரில், நீங்களாக விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். கம்பெனி பறப்பதை நிறுத்தினாலோ இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டாலோ பாண்ட் என்ன ஆகும் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், கையெழுத்துப் போடும் முன் அதைச் சேர்த்து எழுதி வாங்குங்கள்.